வரப்போகும் செயலிக்காகக் காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி: திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். 2019 இறுதியில் வாங்கிய கணினிதான் இன்றும் ஓடுகிறது. ரைசன் 5 3600 செயலி, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 நினைவகம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. மதர்போர்டில் நினைவகத்துக்கு இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ. போன வருடம் புதிய சோனி கேமரா வாங்கியதிலிருந்து டைம்லைன் திணறுகிறது. ஒரு முழுப் படத்தை எக்ஸ்போர்ட் செய்ய மூன்று மணி நேரம் ஆகிறது. ரைசன் 7 9700எக்ஸ் வைத்துப் புதிய கணினிக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஆனால் ரைசன் செயலிகளைச் செய்யும் ஏஎம்டி நிறுவனத்தின் அடுத்த தலைமுறையான ஜென் 6 வரப்போகிறது, இப்போது வாங்கினால் பணம் வீண் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். ஒவ்வொரு செயலியின் சினிபெஞ்ச் வேகச் சோதனை மதிப்பெண்ணையும் விலையால் வகுத்து ஒரு பட்டியல் போட்டு இத்துடன் அனுப்பியுள்ளேன். காத்திருக்கவா, வாங்கவா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு வருபவர்களே அதிகம் என்பதால், இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட்ட ஒருவருக்குப் பதில் எழுதுவது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. வகுத்தலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மேலே எந்த எண்ணை வைக்க வேண்டும், கீழே எந்த எண்ணை வைக்க வேண்டும் என்பதில் நீங்கள் இரண்டு இடங்களிலும் தவறியிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்தால், காத்திருப்பதா வாங்குவதா என்ற கேள்வியே வேறு வடிவம் எடுத்துவிடும்.

முதலில் கீழே உள்ள எண். நீங்கள் செயலியின் விலையை மட்டும் வைத்து வகுத்திருக்கிறீர்கள். 9700எக்ஸ் செயலியைத் தனியாக வாங்கி வந்து உங்களிடம் இருக்கும் பி450 மதர்போர்டில் பொருத்த முடியாது. அது ஏஎம்5 என்ற சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் செயலி உட்காரும் இடத்துக்கு) உரியது, அந்தச் சாக்கெட் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். எனவே செயலியோடு மதர்போர்டும், நினைவகமும், பெட்டியில் கூலர் வராததால் அதுவும் சேர்ந்தே வாங்கியாக வேண்டும். நீங்கள் அனுப்பிய கொட்டேஷனிலேயே மொத்தத் தொகையில் செயலியின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல்தான், நினைவகத்தின் விலையோ செயலியின் விலையையே தாண்டியிருக்கிறது. ஜென் 6 வந்தாலும் இந்த மூன்றில் இரண்டு பங்குச் செலவு குறையப்போவதில்லை. புதிய செயலி பழையதைவிட எத்தனை விழுக்காடு வேகம் என்று பேசுகிறவர்கள், அந்த விழுக்காட்டை மொத்தத் தொகையின்மேல் வைத்துப் பார்ப்பதில்லை.

நினைவகத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கணினிப் பொருள்கள் காலம் போகப்போக மலிவாகும் என்ற நம்பிக்கையின்மேல்தான் காத்திருக்கும் பழக்கமே நிற்கிறது. 2025இன் பிற்பகுதியில் அந்த நம்பிக்கை உடைந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால், சில மாதங்களுக்குள் டிடிஆர்5 விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. கடைகளில் நாம் ‘குரூஷியல்’ என்ற பெயரில் வாங்கிவந்த நினைவகங்களை விற்கும் தொழிலிலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. செயலிக்காக ஆறு மாதம் காத்திருந்து அதில் சிறிது மிச்சம் பிடித்தவர், அதே ஆறு மாதத்தில் நினைவகத்தில் அதைப்போலப் பல மடங்கு இழந்திருக்கக்கூடும். இந்த விலை இனி இறங்குமா ஏறுமா என்று நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் கணினியில் ஏற்கெனவே நிற்கும் 16 ஜிபி டிடிஆர்4, நீங்கள் நினைப்பதைவிட மதிப்புள்ள பொருள் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இனி மேலே உள்ள எண். சினிபெஞ்ச் என்பது ஒரு முப்பரிமாணக் காட்சியைச் செயலியின் எல்லாக் கோர்களையும் (கணக்கிடும் பகுதிகளையும்) கொண்டு வரையச் சொல்லி, எடுத்துக்கொண்ட நேரத்தை மதிப்பெண்ணாக மாற்றித் தரும் சோதனை. அந்த வேலையைத் தொழிலாகச் செய்பவருக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நீங்களோ கேமராவிலிருந்து வந்த காட்சிகளை வெட்டி ஒட்டுகிறவர். அந்தக் காட்சிகளைக் கணினி எவ்வளவு விரைவாக விரித்துத் திரையில் காட்டும் என்பதைச் சினிபெஞ்ச் அளப்பதே இல்லை.

எக்ஸ்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று மணி நேரமும் நீங்கள் கணினியின் முன்னால் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா, அல்லது இரவு சாப்பிட்டுவிட்டு எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறீர்களா? எனக்குத் தெரிந்த கல்யாண எடிட்டர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. படுத்துத் தூங்கும் நேரத்தில் மூன்று மணி ஒன்றரை மணியாகக் குறைந்தால் உங்கள் வருமானத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது. பகலில் எட்டு மணி நேரம் டைம்லைனில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை பிளே பொத்தானை அழுத்தும்போதும் படம் இரண்டு நொடி உறைந்து நிற்பதுதான் உங்களிடமிருந்து உண்மையாகவே பணத்தைப் பிடுங்குகிறது. ஆகவே மேலே வைக்க வேண்டிய எண் சினிபெஞ்ச் மதிப்பெண்ணோ எக்ஸ்போர்ட் நேரமோ அன்று, நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கணினி உங்களைக் காக்கவைக்கும் நேரம்தான். அதைக் குறைக்கும் பொருள் எதுவோ அதற்கே பணம் போக வேண்டும்.

அந்தப் பொருள் செயலி இல்லை என்பது என் வலுவான சந்தேகம். உங்கள் கடிதத்திலேயே அதற்கான துப்பு இருக்கிறது: ஐந்து வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்த கணினி, புதிய சோனி கேமரா வந்த பிறகுதான் திணறத் தொடங்கியது. செயலி அன்றும் அதுதான், இன்றும் அதுதான். மாறியது காட்சிக் கோப்பு. சோனியின் எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் வகைக் கோப்புகள் ஹெச்.265 முறையில் சுருக்கப்படுபவை, அவற்றை நிற விவரங்களைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட், 4:2:2 என்ற அமைப்பில் பதிவு செய்ய முடியும். பட்டுப்புடவையின் சரிகையும் மணமேடையின் விளக்குகளும் நிறத் திருத்தத்தின்போது சிதறாமல் நிற்பதற்கு அந்த அமைப்பு பெரிதும் உதவுவதால், நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று கருதுகிறேன். தேர்வு சரியானதே. ஆனால் ஹெச்.265 கோப்பை விரித்துக் காட்டுவது கடுமையான வேலை என்பதால், அதற்கென்றே கிராபிக்ஸ் கார்டுகளில் தனியாக ஒரு சிறு சுற்று வைத்திருப்பார்கள். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரில் இருக்கும் அந்தச் சுற்று 4:2:0 கோப்புகளை விரிக்கும், 4:2:2 கோப்புகளை விரிக்காது. என்விடியா கார்டுகளில் அந்த வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாகச் சேர்ந்தது. இன்டெல் செயலிகளுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் ஹெச்.265 4:2:2 கோப்புகளுக்கு அது 11ஆம் தலைமுறை முதலே இருந்து வருகிறது. நீங்கள் கொட்டேஷன் வாங்கியிருக்கும் 9700எக்ஸ் செயலியில் உள்ள சிறு கிராபிக்ஸ் பகுதியிலோ அது இல்லை.

இதன் பொருளை நிறுத்தி யோசியுங்கள். பெருந்தொகை கொடுத்து 9700எக்ஸ் கணினியை வாங்கி, அதில் உங்களுடைய பழைய 1660 சூப்பரையே மாட்டியிருந்தால், அதே கோப்புகளை விரிக்கும் சுமை மறுபடியும் செயலியின் தலையில்தான் விழுந்திருக்கும். புதிய செயலி பலசாலி என்பதால் திணறல் குறைந்திருக்கும், நீங்கியிருக்காது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு பைசா செலவில்லாத சோதனை உண்டு. கேமராவிலிருந்து வந்த கோப்பு ஒன்றைத் தனி டைம்லைனில் எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் போட்டு ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். செயலியின் பயன்பாடு உச்சத்தைத் தொட்டும், கிராபிக்ஸ் கார்டின் ‘வீடியோ டிகோட்’ வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தும் இருந்தால், நான் மேலே சொன்னதே காரணம். பிறகு அதே கோப்பை ரிசால்விலேயே, விரிக்க எளிதான டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வகைக்கு மாற்றி ஓடவிடுங்கள். அது வழவழவென்று ஓடினால் உங்களுக்கு எட்டுக் கோரும் வேண்டாம், பதினாறு கோரும் வேண்டாம். இரவில் எல்லாக் கோப்புகளுக்கும் பிராக்ஸி எனப்படும் இலகுவான நகல் உருவாக்கப் போட்டுவிட்டுக் காலையில் பிராக்ஸியில் வெட்டினாலே இந்த முகூர்த்த காலத்தை ஓட்டிவிடலாம். ஒருவேளை மாற்றிய கோப்பு, படத்தின் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட இடங்களில் மட்டும் திணறினால், அப்போதும் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டுதான், ஏனெனில் ரிசால்வ் அந்த வேலையைக் கார்டிடம்தான் ஒப்படைக்கிறது.

நண்பர்கள் சொல்லும் காத்திருப்புக்கு வருவோம். காத்திருப்பதே அறிவீனம் என்று நான் சொல்லமாட்டேன். 2006 ஜூலையில் இன்டெல் நிறுவனம் கோர் 2 டுயோவை வெளியிட்டபோது காத்திருந்தவர்கள் இரண்டு பக்கமும் லாபம் பார்த்தார்கள். 316 டாலர் விலையுள்ள இ6600 செயலி, ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-62ஐப் பெரும்பாலான சோதனைகளில் முந்தியது. அதற்கு ஈடுகொடுக்க ஏஎம்டி தன் விலைகளைச் சரித்தது, 303 டாலராக இருந்த அத்லான் 64 எக்ஸ்2 3800+ ஏறக்குறைய 152 டாலருக்கு இறங்கியது. கவனித்துப் பார்த்தால், அன்று புதிய செயலியை வாங்காதவருக்கும் அதன் வருகையால் லாபம் கிடைத்தது. காத்திருப்பின் பலன் பல நேரங்களில் இப்படித்தான் வருகிறது: வரும் பொருளால் அல்ல, அது தள்ளிவிடும் பழைய பொருளின் விலையால்.

ஐந்தே வருடத்தில் கதை தலைகீழானது. ஏஎம்டியின் புல்டோசர் வரப்போகிறது, எட்டுக் கோர் கொண்டது என்று 2011 முழுவதும் பலர் காத்திருந்தார்கள். அக்டோபர் 12ஆம் தேதி எஃப்எக்ஸ்-8150 என்ற பெயரில் 245 டாலருக்கு அது வந்தபோது, இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசமக் கணக்குப் பகுதியைப் பகிர்ந்துகொள்வது தெரிந்தது. ஒற்றைக் கோரை நம்பியிருக்கும் வேலைகள் சிலவற்றில் அது ஏஎம்டியின் சொந்தப் பழைய ஃபினோம் 2 வரிசைக்கே பின்தங்கியது. அதே ஆண்டின் ஜனவரியிலேயே 216 டாலருக்குக் கடையில் கிடைத்த இன்டெல் ஐ5-2500கே செயலியை வாங்கியவர்கள் ஒன்பது மாதம் வேலை பார்த்து முடித்திருந்தார்கள். அந்த எட்டுக் கோரை எட்டு என்று எண்ணலாமா என்ற வழக்கு, 2019இல் 1.21 கோடி டாலர் சமரசத்தில்தான் முடிந்தது.

நடுவில் நிற்கும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு, உங்களுக்கு அதுவே நெருக்கமானது. 2022 செப்டம்பர் 27ஆம் தேதி ஏஎம்5 சாக்கெட்டோடு ரைசன் 5 7600எக்ஸ் 299 டாலருக்கு வந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஜனவரியில் ஏறக்குறைய அதே திறனுள்ள ரைசன் 5 7600, பெட்டியில் கூலரும் சேர்த்து, 229 டாலருக்கு வந்துவிட்டது. அறிமுக நாளில் ஓடிப்போய் வாங்குகிறவர் செயலிக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை, அவசரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். 2024 ஆகஸ்டில் உங்கள் கொட்டேஷனில் உள்ள 9700எக்ஸ் 359 டாலருக்கு வந்தபோதும், விளையாட்டுகளில் அதற்கு முந்தைய தலைமுறையைவிட அது காட்டிய முன்னேற்றம் மிகச் சிறியது என்று விமர்சகர்கள் பரவலாக எழுதினார்கள். நம் ஊரில் இதற்குமேல் இன்னொரு கூட்டலும் இருக்கிறது. அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேராது, இங்கோ 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் டாலர் மாற்று விலையும் சேரும். இருப்பு குறைவாக வரும் முதல் வாரங்களில் கடைக்காரர் சேர்க்கும் தொகையை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஜென் 6 கட்டமைப்பு வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்றும் சொல்லியிருக்கிறது. உங்களைப் போன்றவர் வாங்கக்கூடிய மேசைக் கணினிச் செயலியின் விலையை, நான் இந்தப் பதிலை எழுதும் நாள்வரை, அந்த நிறுவனம் அறிவிக்கவில்லை. விலை தெரியாத ஒன்றின் விலைக்கேற்ற திறனைக் கணக்கிட முடியாது. உங்கள் பட்டியலின் கடைசி வரிசையில் ஜென் 6 என்று எழுதி நீங்கள் நிரப்பியிருக்கும் இரண்டு எண்களையும் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். சோதனையில் நான் சந்தேகித்தது உறுதியானால், முதலில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றுவேன். ஆர்டிஎக்ஸ் 5060 போன்ற ஒன்று போதும். 1660 சூப்பர் 125 வாட் எடுக்கும், இது 145 வாட் எடுக்கும். ஆகையால் நல்ல நிலையில் உள்ள பவர் சப்ளையை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. உங்கள் மதர்போர்டில் கார்டைப் பொருத்தும் இடம் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகை என்பதால் இந்தக் கார்டின் முழு வேகம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்துவார்கள். எடிட்டிங் வேலைக்கு அந்த இழப்பு பெரிதன்று. ரிசால்வைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்திக்கொள்ள மறக்காதீர்கள், பழைய பதிப்புக்கு இந்தக் கார்டின் 4:2:2 வசதி தெரியாது. பிறகு காலியாக இருக்கும் இரண்டு இடங்களில் இன்னொரு 16 ஜிபி டிடிஆர்4 சேர்ப்பேன். அதன் விலையும் ஏறித்தான் இருக்கிறது, ஆனாலும் 32 ஜிபி டிடிஆர்5ஐப் புதிதாக வாங்குவதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

இதற்குப் பிறகும் வேகம் போதவில்லை என்றால் மட்டுமே செயலி. அப்போதும் மதர்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. ரைசன் 5000 வரிசைச் செயலிகள் பி450 மதர்போர்டுகளில் வேலை செய்யாது என்றுதான் ஏஎம்டி முதலில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால் 2020 மே மாதத்தில் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. அந்தக் கோபத்தின் பலன் இன்று உங்களுக்குக் கிடைக்கிறது: மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மேம்படுத்திவிட்டு எட்டுக் கோர் கொண்ட ரைசன் 7 5700எக்ஸைப் பொருத்தலாம். கோர் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஒவ்வொரு கோரும் முந்தைய கட்டமைப்பைவிட ஒரே வேகத்தில் 19 விழுக்காடு கூடுதல் வேலை செய்யும் என்பது ஏஎம்டியின் கணக்கு. செயலியை மட்டும் நம்பியிருக்கும் எக்ஸ்போர்ட்டாக இருந்தால், மூன்று மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு அருகில் வரும் என்று எதிர்பார்க்கலாம். பன்னிரண்டு கோர், பதினாறு கோர் செயலிகளும் அதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் 105 வாட் என்று பெட்டியில் எழுதியிருக்கும் அவை உச்சத்தில் 142 வாட் வரை இழுக்கும். மலிவு விலை பி450 மதர்போர்டுகளின் மின்வழங்கும் பகுதி, மே மாத வெயிலில் மணிக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். 5700எக்ஸ் 65 வாட் வகை. பெட்டியில் கூலர் வராது, ஆகையால் உங்கள் 3600உடன் வந்த சிறு கூலரைத் தொடராமல் நல்லதாக ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

மதர்போர்டு பழுதாகிவிட்டது, அல்லது எப்படியும் புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால் என் பதில் மாறும். அப்போது ஜென் 6க்காகத் தொழிலை நிறுத்திவைக்காமல், ஏஎம்5 சாக்கெட்டில் விலை குறைந்த ஆறு கோர் செயலி ஒன்றை இப்போதைக்குப் பொருத்தி, புதிய வரிசையின் அறிமுக ஆரவாரம் அடங்கி விலை இறங்கிய பிறகு செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி சொல்வேன். எக்ஸ்3டி என்று முடியும் செயலிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவற்றின் கூடுதல் கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) விளையாட்டுகளுக்கு அள்ளிக்கொடுக்கும், டைம்லைனுக்கு அவ்வாறு கொடுக்காது.

காலத்தைப் பொறுத்தவரை, நிறுவனங்களின் அறிமுக நாள்களைவிட உங்கள் வீட்டு நாள்காட்டிதான் முக்கியம். தை தொடங்கி முகூர்த்தங்கள் நெருக்கும் மாதங்களில் ஓடுகிற கணினியைப் பிரிக்க வேண்டாம். கார்டு மாற்றுவது அரைமணி நேர வேலை என்பதால் அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செயலி மாற்றத்தை ஆடிக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் புதிய வரிசையின் விலை தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், பில்லில் உங்கள் எண்ணைப் போட்டு வாங்குங்கள். உங்கள் கணக்கு முறைக்குப் பொருந்துமானால் உள்ளீட்டு வரியாக அந்த 18 விழுக்காட்டைத் திரும்பப் பெறலாம். உங்கள் பட்டியலில் எந்தச் செயலியின் வரிசையையும் இந்த அளவுக்கு மாற்றும் தள்ளுபடி வேறு இல்லை.

செயலி மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பயாஸ் மேம்பாட்டைப் பழைய 3600 பொருத்தியிருக்கும்போதே, யுபிஎஸ் இணைப்போடு முடித்துவிடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டு விழிக்காமலே போகலாம். உங்கள் மதர்போர்டில் உள்ள ஏஎம்4 சாக்கெட்டுக்கான செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியில்தான் இருக்கும். ஆறு வருடம் காய்ந்து இறுகிய, வெப்பம் கடத்தும் பேஸ்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து செயலியும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஏதாவது ரெண்டர் போட்டுச் சூடாக்கி, கணினியை அணைத்து மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். வளையாமல் வந்த 3600ஐ விற்றால், கூலர் வாங்கிய செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.